சும்மா நின்றவள்

நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்தேன். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, என்னை லோபர் என்று சொன்னார். சொன்னதோடு விடாமல் காகிதத்தில் எழுதியும் வைத்தார். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்பு வரைக்கும்தான். மெதுவாகத்தான் வரும். அவசரம் உள்ளவர்கள் வேறு எதையாவது படிக்கலாம், எனக்கு வருத்தமில்லை.

போன வருஷம் மூணாறு பஜாரில் ரப்பர் செருப்பு வாங்கப் போனேன். பக்கத்தில் வெளியூர்க்காரர் ஒருத்தர் தோல் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவரிடம், "இது லோபர் சார். லேஸ் கட்டுற வேலையே கிடையாது. அப்படியே காலை விட்டா போதும்" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். பழுப்பு நிறம், கணுக்கால் தெரிகிற மாதிரி தாழ்வான வாய், மேலே குறுக்காக ஒரு தோல் பட்டை. எனக்குத் தெரிந்த செருப்புதான். அதைப் போட்டுக்கொண்டு நின்றுதான் அந்த மனுஷன் என்னை அந்தப் பேர் சொன்னார். அவர் காலில் கிடந்ததுக்கும் அதே பேர்தான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன்.

அந்த வார்த்தையை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எப்படிச் சொல்லுவார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் லயத்துப் பேச்சில் பாதி இங்கிலீஷ்தான். பெரட்டு, மெமோ, லீவு, லோபர் எல்லாம் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். வேலைக்குப் போகாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சீட்டாடுகிறவன் லோபர். பஸ் நிற்கிற இடத்தில் சாய்ந்து நின்று வயசுப்பிள்ளைகளைப் பார்த்துச் சீட்டி அடிக்கிறவன் லோபர். பெற்றவளே மகனை, "ஏலே லோபரு, சோறு ஆறுது, வந்து தின்னு" என்று கூப்பிடுவாள். அதில் பாதி கோபம், பாதி ஆசை. ஆனால் அது ஆம்பிளைக்குச் சொல்கிற வார்த்தை. பொம்பளையைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கு அர்த்தம் சோம்பேறி என்பதோடு நிற்காது. மிச்சத்தை நான் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். அதிலும் புருஷன் பக்கத்தில் இல்லாத பொம்பளையைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் நல்ல வேலை கிடைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ரெண்டு கடிதாசி வந்தது. அப்புறம் கடிதாசியும் வரவில்லை, அவரும் வரவில்லை. என்னோடு மாமியாரும் ரெண்டு பிள்ளைகளும். லயத்தில் ஒரு அறை, ஒரு அடுப்படி. அது என் வேலைக்காக எஸ்டேட் கொடுத்த வீடு. என் பேர் பெரட்டில் இருக்கிற வரைக்கும்தான் அந்தக் கதவுக்குள் எங்களுக்கு இடம். பேரை எடுத்துவிட்டால் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். பெரட்டு என்றால் காலையில் வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம்.

எங்கள் காடு சித்திரபுரத்துக்கு மேலே இருந்தது. மேல் பக்கம் ஜீப் ரோடு. அங்கிருந்து செடி நிரை நிரையாக, வரிசை பிடித்துக் கீழே இறங்கும். கீழே செடி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று வெயில் காலத்திலேயே கண்டுபிடிக்கக் கஷ்டம். மழைக்காலத்தில் மூடுபனி, எங்கள் பேச்சில் மஞ்சு, இறங்கினால் கேட்கவே வேண்டாம். நாலு செடி தள்ளி நிற்கிறவள் முந்தானைகூடத் தெரியாது. நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தி ஒருத்தி அந்த மஞ்சில் நிரை மாறிப் போய்ப் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். மத்தியானம் மஞ்சு விலகின பிறகுதான் ஆளைப் பார்த்தார்கள். உயிர் இருந்தது, இடுப்புதான் போய்விட்டது. போதாததற்குக் காட்டெருமை வேறு. மஞ்சு நேரத்தில்தான் அது மேய வரும்.

அதனால் எங்களுக்குள்ளே ஒரு ஏற்பாடு இருந்தது. எந்தத் துரையும் போட்ட சட்டம் இல்லை. மஞ்சு இறங்கினால் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காட்டுக்கு நடுவில் இருக்கிற பாறையில் ஏறி நிற்க வேண்டும். நின்று குரல் கொடுக்க வேண்டும். பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. ஊ என்று ஒரு சத்தம், ஒரு மூச்சு விட்டு இன்னொரு சத்தம். கீழே இருக்கிற அறுபது பேரும் அதைக் கேட்டுக்கொண்டே எடுப்பார்கள். சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கிற வரைக்கும் பள்ளம் முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். மேலே ஏறி வர வேண்டுமென்றால் நீளமாக ஒரு சத்தம். சத்தம் அடியோடு நின்றுவிட்டால் யாரும் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது, செடியில் கை வைக்கக் கூடாது. பாறையில் நிற்கிறவளுக்கு மிருகத்தின் அரவம் கேட்டுவிட்டது, அதனால்தான் வாயை மூடினாள் என்று அர்த்தம். மறுபடி சத்தம் வருகிற வரைக்கும் அப்படியே நிற்க வேண்டும்.

பாறையில் நின்றவள் கூடை காலியாக இருக்கும் இல்லையா, அதற்கும் ஏற்பாடு உண்டு. மஞ்சு விலகினதும் ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி அவள் கூடையில் போடுவாள். அறுபது கை. யாரும் கேட்டு வாங்கினதில்லை, யாரும் போடாமல் போனதுமில்லை. எனக்கு முந்தி மூத்தவள் ஒருத்தி நின்றாள். அவளுக்கு நெஞ்சு வலி வந்த பிறகு என்னை நிற்கச் சொன்னார்கள். என் குரல் அப்படி. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையாகவும்தான் சொல்கிறேன்.

ஒரு ஆடி மாதம் புதுச் சின்னத்துரை வந்தார். அசிஸ்டெண்ட் மேனேஜரைத்தான் நாங்கள் சின்னத்துரை என்போம். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். கீழ்நாட்டு மலையாளி, வெளியூரில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். மற்றத் துரைமார் முழங்கால் வரைக்கும் காலுறையும் பூட்ஸும் போட்டு, அட்டை ஏறாமல் இருக்க மேலே இறுக்கிக் கட்டியிருப்பார்கள். இவர் அந்த லேஸ் இல்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு மழையில் காட்டுக்குள் இறங்கினார். எங்கள் மதினி ஒருத்தி, என் அண்ணன் பெண்சாதி, என் பக்கத்து நிரையில் எடுப்பவள், "மாப்பிள்ளை பொண்ணு பார்க்க வந்திருக்காரு, யாரைன்னுதான் தெரியலை" என்றாள். நிரையே குலுங்கிச் சிரித்தது.

அவர் வந்து ஒரு வாரம் இருக்கும், மஞ்சு இறங்கினது. நான் பாறையில் ஏறிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மஞ்சு கலைந்தபோது அவர் ஜீப் ரோட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். பாறையில் ஒருத்தி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்று கத்துகிறாள். பக்கத்தில் காலிக் கூடை. கிட்டே வந்து நிற்கும்போதே பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வந்து என் கூடையில் கொழுந்தைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கும் புரிந்தது. அதனால் தன்மையாகத்தான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை.

"கைக்கு வேலையில்லே, வாய்க்கு மட்டும் வேலையோ? கூடை நிறைக்க வேறெ ஆளு, பேரு வாங்க நீயோ? லோபர்" என்றார்.

எல்லாருடைய கையும் அந்தரத்தில் நின்றது. சூப்பர்வைசர் அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். இருபது வருஷமாக அந்த ஏற்பாடு அவருக்குத் தெரியும். அவர் மேகத்தைப் பார்த்தார்.

நான், "தொரை, இன்னொரு மட்டம் சொல்லுங்க" என்றேன். சரியாகக் காதில் விழுந்ததா என்று எனக்கே சந்தேகம்.

அவர் இன்னொரு மட்டம் சொன்னார், முதல் தடவையைவிடத் தெளிவாக.

அவர் பேசிக்கொண்டு நிற்கும்போதே அவர் செருப்பு வாய் வழியாக அட்டை ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அறுபது பேரும் பார்த்தோம். எதிரியாக இருந்தாலும் அட்டை ஏறினால் சொல்லிவிடுவது எங்கள் பழக்கம். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ரோடு ஏறும்போது அவர் நடையில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. மழைத்தண்ணியா ரத்தமா என்று மதினி பந்தயம் கட்டக் கூப்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் பெரட்டில் என் பேரைக் கூப்பிடவில்லை. ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கிளார்க் ஒருத்தர் இருந்தார், வேலந்தாவளத்துப் பக்கத்துக்காரர். அவர் தமிழ் எங்கள் தமிழ் மாதிரி இருக்காது. எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' சேர்ப்பார். மாட்டைக்கூட வாங்க போங்க என்பாரோ என்று லயத்தில் கேலி செய்வோம். நல்ல மனுஷன், பயந்தவர். மெமோவை எடுத்து மேஜையில் வைத்து, மைப்பெட்டியையும் திறந்து வைத்தார். "ஏனுங்க அம்மிணி, இங்க ஒரு ரேகை வெச்சுப்போட்டு வேலைக்குப் போங்க" என்றார்.

எனக்கு என் பேர் எழுதத் தெரியும் என்றேன். சரி, எழுதுங்க என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வேலை நேரத்தில் கொழுந்து எடுக்காமல் நின்றாள். மற்றவர்கள் எடுத்ததைத் தன் கூடையில் வாங்கினாள். கடைசி வரியை இங்கிலீஷில் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்லாமல் தொண்டையைச் செருமினார். அவர் சொல்லாவிட்டால் என்ன, அந்த ஒரு வார்த்தை எனக்கு இங்கிலீஷிலேயே தெரியும்.

அதற்கு இங்கிலீஷில் என்ன அர்த்தம் என்று கேட்டேன். வேலை செய்யாமல் சும்மா சுற்றுகிறவர் என்று மட்டும்தான், கெட்ட அர்த்தம் ஒன்றும் கிடையாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அப்படியானால் உங்கள் வீட்டு அம்மாவை அந்தப் பேர் சொல்லி ஒரு நாள் கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அவர் மைப்பெட்டியை மூடினார்.

கையெழுத்துப் போட்டால் அந்த வார்த்தை எனக்குப் பொருந்தும் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகும். இன்னொன்றும் இருந்தது. பாறையில் நிற்பது வேலையில்லை என்று நான் ஒருத்தி ஒத்துக்கொண்டால் எனக்குப் பின்னால் வேறு யாரும் அங்கே நிற்க முடியாது. போடாவிட்டால் வேலை கிடையாது என்று சின்னத்துரை சொல்லிவிட்டாராம். எத்தனை நாள் என்று கேட்டேன். போடுகிற வரைக்கும் என்றார் கிளார்க். போடாமலே இருந்தால் என்று கேட்டேன். அவர் லயம் இருக்கிற திசையைப் பார்த்தார்.

யூனியன்காரர் ஒருத்தர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். இப்போதைக்குக் கையெழுத்தைப் போட்டு வை, பிறகு பேசித் தீர்க்கலாம் என்றார். இங்கிலீஷில் ஆயிரம் வார்த்தை எழுதுவார்கள், அதை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டால் பிழைக்க முடியுமா என்றார். அவர் பேசினதெல்லாம் நியாயம் மாதிரிதான் இருந்தது. டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, போட மாட்டேன் என்றேன்.

என் மாமியார் அதுவரைக்கும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்பது லயத்துக்கே தெரியும். யூனியன்காரர் போனதும் அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். வீடு போனால் இந்தப் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பாய், வீறாப்பு பேசினால் கூரை வருமா என்றாள். அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏளா," என்றாள். "அந்தப் பேருக்குன்னு ஒருத்தன் என் வயித்துல பிறந்தான். ஏலத்தோட்டத்துல கெடக்கான். அவனுக்கு வர வேண்டியதை நீ என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குத? போடாதே."

அந்தக் கிழவி வாயிலிருந்து என் பக்கம் நின்று வந்த முதல் பேச்சு அது. அதற்குப் பிறகும் ரொம்ப வரவில்லை.

அடுத்த நாள் பெரட்டுக்குப் போனேன். என் பேரைத் தாண்டி அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் காட்டுக்குப் போனார்கள், நானும் பின்னாலேயே போனேன். கூடை இல்லை, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டவில்லை. மஞ்சு இறங்கினது. பாறையில் ஏறிக் குரல் கொடுத்தேன். சூப்பர்வைசர் அண்ணாச்சி ஓடி வந்து, "தாயி, என் வேலையையும் சேர்த்துக் கெடுத்துராத" என்று கெஞ்சினார். நான் நிறுத்தவில்லை. மஞ்சு விலகினதும் பொம்பளைகள் கொழுந்தை அள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடையில்லாதவளுக்குக் கொழுந்து எதற்கு என்று திருப்பி அனுப்பினேன்.

அதற்கு அடுத்த நாள் சின்னத்துரையே வந்துவிட்டார். இந்தத் தடவை பூட்ஸ். மெமோ கொடுத்த பிறகும் காட்டுக்குள் என்ன வேலை என்று கேட்டார்.

"நான் வேலை செய்யலை, தொரை," என்றேன். "சும்மா நிக்கேன். நிக்கிறது வேலையில்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. வேலையே இல்லாத ஒண்ணைச் செய்யாதேன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

நிரைக்குள்ளிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து போயிற்று. இது எஸ்டேட் மண், வேலையில்லாதவர்கள் இதில் நிற்கக் கூடாது, நின்றால் வாட்சரை விட்டு இறக்குவேன் என்றார். அது நியாயம்தான். மண் அவர்களுடையது. நான் பாறையை விட்டு இறங்கினேன்.

ஆனால் அந்தப் பாறைக்கு இருபது அடி தள்ளிக் கரண்டுக் கம்பி போகிற பாதை இருக்கிறது. பெரிய இரும்புக் கோபுரம் நிற்கும். செடியெல்லாம் வெட்டி அகலமாக வழி விட்டிருப்பார்கள். அது எஸ்டேட் மண் இல்லை, கரண்டு ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தது. எல்லைக்கல்கூட உண்டு. நான் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க் கோபுரத்துக்குக் கீழே நின்று அவரைப் பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் கம்பி பார்க்கிற லைன்மேன் ஒருத்தர் அந்த வழியாக வந்தார். எதற்கு இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் சாக்கை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நின்னோ சேச்சி, இது நம்முடெ ஸ்தலம்" என்று, நம்ம இடம்தான், தாராளமாக நில்லுங்கள் என்கிற மாதிரி, சொல்லிக்கொண்டே போனார்.

இப்படி ஆறு நாள். பாறை மாதிரி அந்த இடம் உயரமில்லை. கம்பி வேறு தலைக்கு மேலே மழையில் கிர்ரென்று இரைந்துகொண்டிருக்கும். அதையும் மீறிக் கேட்க வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ஆறாவது நாள் காலையில் எழுந்தபோதே தொண்டையில் முள் குத்தின மாதிரி இருந்தது. வெந்நீர் குடித்துவிட்டுப் போனேன். அன்றைக்கு மஞ்சு சுவர் மாதிரி வந்தது. பத்து, பன்னிரண்டு சத்தம் கொடுத்திருப்பேன். அடுத்த சத்தத்துக்கு வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். அதுவும் இல்லை.

கீழே என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சத்தம் நின்றது, அறுபது பேரும் நின்றிருப்பார்கள். மிருகம் இல்லை, ஒன்றுமில்லை, எடுங்கள் என்று சொல்ல எனக்குக் குரல் இல்லை. இறங்கிப் போய்ச் சொல்லலாமென்றால் அந்த மஞ்சில் எனக்கே வழி தெரியாது. அதனால் நானும் நின்றேன்.

நான் திட்டம் போட்டு வாயை மூடினேன் என்று பிறகு லயத்தில் பேசிக்கொண்டார்கள். தனியாளாக நின்று வேலைநிறுத்தம் நடத்தினவள் என்று சொன்னவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் செய்யாததை நான் செய்ததாகச் சொல்ல மாட்டேன். தொண்டை போய்விட்டது, அவ்வளவுதான்.

மஞ்சு அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அசையவில்லை. சின்னத்துரை காட்டுக்கு வந்து பார்த்தபோது, நிரைக்கு நிரை ஒருத்தியாகப் பொம்பளைகள் செடிக்கு நடுவில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மஞ்சில் நின்றிருக்கிறார்கள். எடுக்கச் சொன்னாராம். யாரும் அசையவில்லையாம். மதினிதான் அவருக்குப் பதில் சொன்னாள்.

"சத்தம் வரலை, தொரை. நாங்க எடுக்க மாட்டோம். வேணும்னா எங்க எல்லாருக்கும் அந்தப் பேரை எழுதுங்க. காகிதம் இருக்கா?"

பாக்டரியில் கொழுந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து வரவில்லை என்று மேனேஜர், எங்கள் பெரியதுரை, வரைக்கும் போய்விட்டது. சாயங்காலம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பெரியதுரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயசானவர், மலையில் ரொம்ப வருஷம் இருந்தவர். சின்னத்துரை ஜன்னல் பக்கம் நின்றார். கிளார்க் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெரியதுரை என்னிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

எனக்குக் குரல் வரவில்லை. வாயசைத்துக் காட்டினேன். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் கிளார்க் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார். நான் மூச்சால் சொன்னதை அவர் எல்லாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வார்த்தையை எழுதினவரே கோடு போட்டு அடிக்க வேண்டும் என்று சொன்னேன்.

அவர் நிமிர்ந்து, "சின்னத்தொரைங்களுக்குத் தோதுப்பட்டா, அந்த ஒரு வார்த்தைய மட்டும் கொஞ்சம் பார்த்துக்கிட்டாங்கன்னா நல்லதுங்கன்னு சொல்றாங்கங்க" என்றார்.

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். நான் சொன்னது அதில்லை, நான் சொன்னபடி சொல்லுங்கள் என்றேன். பாவம், நெற்றியில் வேர்த்துவிட்டது. பெரியதுரைக்கு உதடு துடித்தது, சிரிப்பை அடக்கினார். கிளார்க் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒரு 'ங்க' கூட இல்லாமல் சொன்னார். "எழுதினவர் கையாலேயே அதை அடிக்கணும்."

அந்த அறையில் அந்த மனுஷன் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பெரியதுரை பேனாவை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டினார். சின்னத்துரை இங்கிலீஷில் என்னவோ சொன்னார். பெரியதுரை பேனாவை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். சின்னத்துரை வந்து குனிந்து ஒரே கோடாக அடித்தார். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். முழுசாக அடிபட்டிருந்தது.

சரி, இப்போது மிச்சத்துக்குக் கையெழுத்துப் போடு என்றார் பெரியதுரை. மிச்சத்தில் இருந்தது நான் கொழுந்து எடுக்காமல் நின்றேன் என்பது. உண்மைதானே என்றார். கிளார்க் மறுபடி காதைக் கொடுத்தார். நின்றது உண்மை, அது வேலையில்லை என்பது பொய், பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் இந்தத் தடவை அப்படியே சொன்னார்.

பெரியதுரை என்னை ரொம்ப நேரம் பார்த்தார். மலையில் எத்தனையோ மழையைப் பார்த்த மனுஷன், அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரியும் என்று அவர் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டார். நாளைக்குப் பெரட்டுக்கு வா என்றார். மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு வர வேண்டியது. இன்னும் வரவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மறுநாள் என் பேரைக் கூப்பிட்டார்கள். குரல் இல்லாததால் கையைத் தூக்கினேன். அன்றைக்கும் மஞ்சு வந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. மதினி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாறையில் ஏறினாள். அவள் குரல் கரகரவென்று இருக்கும், காது கூசும். ஆனால் கேட்டது. நான் என் நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. சின்னத்துரை. துரைமார் வந்து பேசினால் கையை நிறுத்தி, நிமிர்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுப் பதில் சொல்வது எங்கள் வழக்கம். அவர் பாறை இருக்கிற பக்கம் கையைக் காட்டி, அந்த அம்மா இன்னும் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

மஞ்சு போகிற வரைக்கும் என்று மூச்சால் சொன்னேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ. நான் நிமிரவும் இல்லை, கையை நிறுத்தவும் இல்லை.